ஊதினால் ஓடுமா கேசட்?

வீட்டு டிவியில் ஆடும் வீடியோ கேமுக்கு இன்னும் அறுபது வயது ஆகவில்லை. முதல் தலைமுறை ஆட்டங்களை உருவாக்கியவர்களில் சிலர் இன்றும் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்புரிமைப் பத்திரம் இருக்கிறது, கோர்ட் தீர்ப்பு இருக்கிறது, சர்க்யூட் வரைபடம் இருக்கிறது. பழைய கேசட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை பைட் பைட்டாகப் படித்து வைத்திருக்கும் பித்தர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இவ்வளவு சாட்சி இருந்தும் இந்தத் துறையில் கட்டுக்கதைக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்தவரை காரணம் ஒன்றுதான்: பெட்டி மூடியே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று விற்ற கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கிய வீட்டாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அதில் சுவாரசியமானது நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் அகப்படும் நிஜம் அநேகமாக அந்தக் கதையைத் தோற்கடித்துவிடும்.

"பாங்தான் முதல் வீடியோ கேம்"

வினாடி வினாக்களில் இன்றைக்கும் இந்த விடைக்கு மதிப்பெண் தருகிறார்கள். 1972-இல் கலிஃபோர்னியாவின் அடாரி நிறுவனம் கொண்டுவந்த பாங், திரையின் இரு ஓரத்திலும் மட்டைகளாக இரண்டு கோடுகள், நடுவே பந்தாக ஒரு சதுரப் புள்ளி என்று ஓடிய டேபிள் டென்னிஸ். அதற்கு இருபது வருடம் முன்பே, 1952-இல், கேம்பிரிட்ஜில் ஏ.எஸ். டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர் எட்சாக் கணினியில் எக்ஸ்-ஓ கட்டம் ஆடவைத்துவிட்டார். 1958 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் நாள் வந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் மின்னணு வேலை பார்த்த வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், வருகிறவர்களுக்குக் கொட்டாவி வராமல் இருக்கட்டும் என்று ஒரு ஆசிலோஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஓடவிட்டார். ஏவுகணைப் பாதையைக் கணக்கிடத் தெரிந்த அனலாக் கணினிக்குப் பந்தின் பாதை பெரிய காரியமா என்ன? மறு ஆண்டு நிலவிலும் வியாழனிலும் அதே பந்து எப்படிப் போகும் என்றுகூட ஆடவிட்டார்கள். அப்புறம் பாகங்களைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் எழுதிய 'ஸ்பேஸ்வார்' வேறு இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் ஆய்வுக்கூடச் சமாச்சாரம். வீட்டு டிவியில் ஆடலாம் என்று 1966-இல் யோசித்தவர் ரால்ஃப் பேர். ராணுவத்துக்கு மின்னணுச் சாதனம் செய்துகொடுத்த சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். அவர் செய்த பெட்டியை மாக்னவாக்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி, 1972-இல் 'ஒடிஸி' என்ற பெயரில் விற்றது. அதைத் திறந்து பார்த்தால் டிரான்சிஸ்டரும் டயோடும்தான். பிராசசர் கிடையாது, மெமரி கிடையாது, சத்தம் கிடையாது, ஸ்கோர்கூட கிடையாது. யார் எத்தனை பாயின்ட் என்று ஆடுபவர்களே காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னணிப் படத்துக்காக டிவி கண்ணாடிமேல் ஒட்ட பிளாஸ்டிக் தாள்கள், கூடவே தாயக்கட்டை, சீட்டு, பொம்மைப் பண நோட்டு எல்லாம் பெட்டியில் வரும். அந்தக் காலத்திலேயே இதைப் பற்றியும் ஒரு வதந்தி பிறந்துவிட்டது: மாக்னவாக்ஸ் டிவியில்தான் இது ஓடுமாம். மாக்னவாக்ஸ் கடைகளில் மட்டும் விற்றதால் ஜனங்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். எந்த டிவியிலும் ஓடக்கூடிய பெட்டியின் விற்பனையை அந்த நினைப்பு தாராளமாகக் கெடுத்தது.

1972 மே மாதம் கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் ஒடிஸியைக் காட்சிக்கு வைத்தபோது போய்ப் பார்த்தவர்களில் அடாரியைத் தொடங்கவிருந்த நோலன் புஷ்நெல்லும் ஒருவர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். திரும்பி வந்து, புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளைஞரிடம் ஒரு டேபிள் டென்னிஸ் ஆட்டம் செய்யச் சொன்னார். ஜெனரல் எலக்ட்ரிக் ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார். அதுதான் பாங். மாக்னவாக்ஸ் வழக்குப் போட்டபோது அந்தக் கையெழுத்து வந்து நின்றது. 1976-இல் அடாரி பணம் கட்டி உரிமம் பெற்றுக்கொண்டது. பின்னாளில் நின்டெண்டோ, ஹிகின்பாதமின் டென்னிஸைக் காட்டி பேரின் காப்புரிமையை உடைக்கப் பார்த்ததும் பலிக்கவில்லை. ஆசிலோஸ்கோப்பில் ஓடியது டிவி சிக்னல் அல்ல என்று ஒதுக்கிவிட்டது கோர்ட்.

பாங்கின் புரோகிராமை எழுதியது யார் என்று கேட்பவர்களும் உண்டு. யாரும் எழுதவில்லை. அதில் புரோகிராமே இல்லை, முழுக்க சிப்களை ஒயரால் இணைத்த சர்க்யூட். மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகாது, ஒரு சின்ன இடைவெளி விடும். அது சர்க்யூட்டின் குறை. ஆல்கார்ன் அதைச் சரிசெய்யாமல் விட்டார். அந்த இடுக்கில் பந்து நுழைந்ததால்தான் கைதேர்ந்த இருவர் ஆடும் ஆட்டத்துக்கும் முடிவு வந்தது. 'முதல்' பட்டத்தைப் பறித்துக்கொண்டாலும், முதலில் நன்றாகக் காசு பார்த்த ஆட்டம் என்ற பெருமை பாங்குக்கே.

"ஸ்பேஸ் இன்வேடர்ஸால் ஜப்பானில் சில்லறையே தீர்ந்துபோனது"

1978-இல் டைட்டோ வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஜனங்கள் 100 யென் நாணயத்தைப் போட்டுப்போட்டு நாட்டிலேயே தட்டுப்பாடு வந்ததாம், அரசு கூடுதலாக அச்சடித்ததாம். புத்தகங்களில்கூட ஏறிவிட்ட கதை. 1978, 1979 இரண்டு ஆண்டுகளிலும் அச்சடித்த 100 யென் நாணயங்கள் 1973, 1974-ஐவிடக் குறைவு. தவிர, இயந்திரத்தில் விழுந்த காசை அதன் சொந்தக்காரர் பூட்டி வைத்தா அழகு பார்ப்பார்? வாரம் தவறாமல் எடுத்து வங்கியில் கட்டுவார், காசு மறுபடி கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

அதே ஆட்டத்தில் கட்டுக்கதை மாதிரி ஒலித்தாலும் நிஜமான சங்கதி ஒன்று இருக்கிறது. வேற்றுக்கிரகப் பூச்சிகள் குறையக் குறைய மீதி உள்ளவை வேகமெடுக்கும் அல்லவா? முதலில் அப்படித் திட்டமிடவில்லை. 55 பூச்சிகளை நகர்த்தி வரைய அந்தக் காலத்து பிராசசர் திணறியது, சுட்டு வீழ்த்த வீழ்த்தச் சுமை இறங்கி வேகம் கூடியது. உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அது பதற்றத்துக்கு நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார்.

"ஆளைப் பைத்தியமாக்கும் கறுப்பு இயந்திரம்"

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1981-இல் 'பாலிபியஸ்' என்ற கேம் சில கடைகளில் தோன்றியதாம். ஆடியவர்களுக்கு நினைவு தப்பியது, ராத்திரி தூக்கம் கெட்டது, கறுப்புக் கோட்டு போட்டவர்கள் வந்து ஏதோ பதிவுகளை எடுத்துப்போனார்கள், பிறகு இயந்திரமே மாயமானது. அரசாங்கத்தின் மனோவசியச் சோதனை என்று முடிப்பார்கள். 1981-இன் பத்திரிகை எதிலும் இந்தப் பெயர் இல்லை. சர்க்யூட் பலகை இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. கதை இணையத்தில் தலைகாட்டியது 1990-களின் கடைசியை ஒட்டித்தான். 2003-இல் ஒரு கேம் பத்திரிகை எழுதிய பிறகு ஊர் பூராவும் பரவியது.

ஆனால் இது முழுக்க ஆகாயத்திலிருந்து விழுந்ததும் அல்ல. 1981 நவம்பரில் அதே போர்ட்லண்டில் 12 வயதுப் பையன் ஒருவன் சாதனை படைக்க 28 மணி நேரம் 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆடி, வயிற்று வலியோடு நிறுத்தினான். இன்னொருவனுக்கு 'டெம்பெஸ்ட்' ஆடியதில் மண்டையிடி. அதே சமயத்தில் இயந்திரங்களை வைத்துச் சூதாட்டம் நடக்கிறதென்று அதிகாரிகள் கேம் கடைகளில் சோதனையும் போட்டார்கள். மூன்றையும் கலக்கிக் கொதிக்கவைத்தால் பாலிபியஸ் தயார்.

"பேக்மேன் பேய்கள் இஷ்டத்துக்கு அலையும்"

நாலு பேயும் மூளையில்லாமல் சுற்றும், தப்புவது அதிர்ஷ்டம் என்பது ஒரு கட்சி. பேய்கள் நம் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது எதிர்க் கட்சி. இரண்டும் தப்பு. 1980-இல் நாம்கோவில் டோரு இவாடானி உருவாக்கிய இந்த ஆட்டத்தில் சிவப்புப் பேய் பேக்மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு அவன் முகம் பார்க்கும் திசையில் நாலு கட்டம் தள்ளிப் போய் மடக்கப் பார்க்கும். நீலம் கொஞ்சம் கள்ளம். பேக்மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி, சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டை அதே அளவு நீட்டினால் எங்கே முடிகிறதோ அங்கே ஓடும். அதாவது சிவப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நீலத்தைக் கணிக்கவே முடியாது. ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், நெருங்கியதும் பயந்த மாதிரி தன் மூலைக்குத் திரும்பிவிடும். நாலும் ஓயாமல் துரத்தினால் ஆடுபவன் வெறுத்துப்போவான் என்று, முதல் லெவலில் 7 விநாடி மூலைக்குப் போவது, 20 விநாடி துரத்துவது என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள்.

பேய்கள் நீலமாகி ஓடும்போது மட்டும் திருப்பங்களில் கண்டபடி திரும்பும். அதுவும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கும் கணக்குதான். அதே பாதையில் அதே நொடியில் திரும்பினால் பேய்களும் அச்சுப் பிசகாமல் முன்போலவே நடக்கும். பாதையை மனப்பாடம் செய்து மணிக்கணக்கில் ஆடியவர்கள் இந்த ஓட்டையில்தான் வாழ்ந்தார்கள். 256-ஆம் லெவலில் அவர்களுக்கும் சங்கு: லெவல் எண்ணைத் தாங்கும் ஒரே பைட் 255-க்கு மேல் எண்ணத் தெரியாமல் பூஜ்யத்துக்குப் போய்விடும், கீழே பழப் படங்களை வரையும் பகுதி அதைப் பார்த்துத் தறிகெட்டு, திரையின் வலது பாதியைக் குப்பையால் நிரப்பிவிடும்.

"பழைய கேம்தானே, எழுதுவது சுலபம்"

எனக்கு இருப்பதிலேயே எரிச்சலூட்டும் நம்பிக்கை இதுதான். 1977-இல் வந்த அடாரி 2600-ஐத் திறந்து பாருங்கள். வேலை பார்க்கும் மெமரி மொத்தம் 128 பைட். இன்றைய யு.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 42 குறிகள்தான் அதில் அடங்கும், நீங்கள் இப்போது படிக்கும் இந்த வாக்கியத்தின் முதல் பாதிக்கே அது போதாது. அந்த இடத்துக்குள் ஸ்கோர், உயிர்கள், எதிரிகள் நிற்கும் இடம், பந்தின் வேகம் எல்லாம் இருக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை படம் வரைவது. நாம் பழகிய கணினிகளில் முழுப் படத்தையும் மெமரியில் வரைந்து வைத்தால் திரைக்கு அது தானாகப் போகும். 2600-இல் படத்தைச் சேர்த்துவைக்க இடமே கிடையாது. பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, ஒரு வரி முடிந்து அடுத்த வரி என்று இறங்கும். அது ஓடும்போதே, இந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்று புரோகிராம் அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மாவை அரைக்க அரைக்கவே தோசை வார்க்கிற கதை. ஒரு வரிக்குக் கிடைப்பது பிராசசரின் 76 துடிப்புகள். மிகச் சின்னக் கட்டளைக்கே இரண்டு துடிப்பு செலவு. கொஞ்சம் பிந்தினால் எதிரியின் தலை ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் நிற்கும். யார் யாரை இடித்தார்கள், ஸ்கோர் எவ்வளவு என்கிற கணக்கையெல்லாம் கற்றை அடிவரை போய் மறுபடி மேலே ஏறிவரும் இடைவேளையில் முடித்தாக வேண்டும்.

சிப்பே கொடுத்த உருவங்களும் சொற்பம்: ஆளுக்கொன்றாக இரண்டு உருவம், இரண்டு குண்டு, ஒரு பந்து. பாங் மாதிரியும் டாங்கிச் சண்டை மாதிரியும் ஆடுவதற்கென்றே வடிவமைத்த சிப் அது. இதில் நாலு பேயுள்ள பேக்மேனை எப்படிக் காட்டுவது? ஒரு பிரேமுக்கு ஒரு பேய் என்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். அதனால்தான் 1982-இல் வந்த அந்தப் பதிப்பில் பேய்கள் விட்டுவிட்டு மின்னின. வாங்கியவர்கள் திட்டினாலும், 2600-இல் அதிகம் விற்ற கேம் அதுவே.

அதே 1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் கேரல் ஷா எழுதிய 'ரிவர் ரெய்ட்' வந்தது. ஆற்றின்மேல் விமானம் பறக்கும், வளைவும் தீவும் பாலமும் வந்துகொண்டே இருக்கும். கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 4 கிலோபைட். அவ்வளவு நீள ஆறு எங்கே ஒளிந்திருக்கிறது? எங்கேயும் இல்லை. ஓர் எண்ணைக் குறிப்பிட்ட விதத்தில் புரட்டிப் புரட்டி அடுத்தடுத்த எண்களை வரவழைக்கும் சின்னச் சூத்திரம் ஒன்றுதான் கேசட்டில் இருக்கிறது. அந்த எண்கள்தான் கரை, தீவு, எரிபொருள் கிடங்கு. தொடக்க எண் மாறாததால் எல்லார் வீட்டிலும் ஒரே ஆறு ஓடியது. முதல் காலத்து கேம் என்றால் ஆம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பவர்கள் இதை எழுதியவரின் பெயரை இன்னொரு முறை படிக்கலாம். ரோபர்ட்டா வில்லியம்ஸ், டோனா பெய்லி என்று இன்னும் பெயர்கள் இருக்கின்றன.

"இ.டி. என்ற ஒரே மொக்கை கேம் தொழிலையே சாகடித்தது"

அடாரி அன்று கேம் எழுதியவர்களின் பெயரைப் பெட்டியில் போடாது. வாரன் ராபினெட் தன் 'அட்வென்சர்' கேமில் ஒரு ரகசிய அறை வைத்து, அதில் தன் பெயரை எழுதி ஒளித்துவைத்தார். இதுதான் உலகின் முதல் 'ஈஸ்டர் எக்' என்பார்கள். அதுவும் நிஜமல்ல. 1977-இல் வந்த 'ஸ்டார்ஷிப் 1' என்ற அடாரி இயந்திரத்தில் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் "ஹை ரான்!" என்று வருவதை 2017-இல்தான் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் பெயரை ஒளித்துவைப்பதோடு நிற்கவில்லை. டேவிட் கிரேன் உள்ளிட்ட நாலு புரோகிராமர்கள் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அடாரி பெட்டிக்கே கேசட் போட்டு விற்றார்கள். அடாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் சமரசம். ராயல்டி கொடுத்துவிட்டு யாரும் கேசட் செய்யலாம் என்றானதும் ஓட்ஸ் விற்கிற குவேக்கர் கம்பெனிகூட கேம் பிரிவு திறந்தது.

இந்தச் சந்தையில்தான் இ.டி. வந்தது. ஸ்பீல்பெர்க் படத்தின் உரிமைக்கு அடாரி 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வர வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற அருமையான கேமைத் தந்தவர் அவர். குழியில் விழுந்து விழுந்து எழுகிற கேமாக இ.டி. அமைந்தாலும், முதல் சீசனில் சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றன. தோல்விக்குக் காரணம், விற்றதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தயாரித்து வைத்திருந்தார்கள் என்பதே.

இனி அந்தப் புதைகுழி. லட்சக்கணக்கான இ.டி. கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள் என்று ஒரு தரப்பு. அப்படி எதுவும் நடக்கவில்லை, சும்மா புரளி என்று இன்னொரு தரப்பு. முப்பது வருடம் சண்டை. இத்தனைக்கும் 1983 செப்டம்பரிலேயே அலமோகார்டோ ஊர்ப் பத்திரிகையும் நியூயார்க் டைம்ஸும் லாரிகள் வந்து கொட்டியதைச் செய்தியாகப் போட்டிருந்தன. 2014 ஏப்ரல் 26 அன்று குப்பைக் கிடங்கைத் தோண்டினார்கள். புழுதிக் காற்றுக்கு நடுவே நசுங்கிய பெட்டிகள் மேலே வந்தன. இ.டி. இருந்தது. ஆனால் கூடவே 'சென்டிபீட்', 'மிசைல் கமாண்ட்', அதே வார்ஷாவின் 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்று நன்றாக விற்ற கேம்களும் இருந்தன. வெளியே எடுத்தவை ஏறக்குறைய 1,300. அன்று புதைக்கும் பொறுப்பிலிருந்த முன்னாள் அடாரி மேலாளர் சொன்ன மொத்தக் கணக்கு 7,28,000, அதுவும் எல்லாக் கேம்களையும் சேர்த்து. அது ஒரு தோல்வியின் சமாதி இல்லை, டெக்சாஸ் எல் பாசோவின் கிடங்கைக் காலி செய்த குப்பை. ஒரு பிரதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

வீழ்ச்சிக்கு இ.டி.யைப் பழிப்பது சௌகரியம், ஆனால் கணக்கு இடிக்கும். புதிதாக முளைத்த சின்னக் கம்பெனிகளின் கேசட்டுகள் விற்காமல் தேங்கின. கடைக்காரர் திருப்பி அனுப்பப் பார்த்தால் கம்பெனியே மூடியிருக்கும். வேறு வழியின்றி 5 டாலருக்குக் கூடையில் கொட்டினார். பக்கத்து அலமாரியில் 30 டாலருக்கு இருக்கும் நல்ல கேமை யார் வாங்குவார்கள்? இன்னொரு பக்கம் வீட்டுக் கணினி விலைப்போர். 595 டாலருக்கு வந்த கமடோர் 64 அடுத்த ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறங்கியது. அடிதாங்காமல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983-இல் அந்த வியாபாரத்தையே விட்டது. கணினியும் அதே விலைக்குக் கிடைக்கும்போது வெறும் கேம் பெட்டி எதற்கு என்று பெற்றோர் யோசித்தார்கள்.

அதோடு, செத்ததாகச் சொல்லும் தொழில் செத்தது அமெரிக்காவில் மட்டும். பிரிட்டனில் அதே ஆண்டு பிள்ளைகள் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' கணினியில் ஆடியோ கேசட்டைப் போட்டு, கீச் கீச்சென்ற சத்தத்தோடு ஐந்து நிமிடம் காத்திருந்து, 'மேனிக் மைனர்' ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் வெளியான தேதி 1983 ஜூலை 15. அமெரிக்க வரலாற்றை உலக வரலாறாகப் படிக்கும் பழக்கம் இங்கேயும் தொற்றியிருக்கிறது.

"கேசட் ஓடவில்லையா? ஊது!"

மேலே சொன்ன வீழ்ச்சிக்கும் இந்த ஊதலுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. 1985-இல் நின்டெண்டோ தன் பெட்டியை அமெரிக்காவில் இறக்கியபோது, கேம் பெட்டி என்றாலே கடைக்காரர்கள் ஓடினார்கள். எனவே வி.சி.ஆர். மாதிரி முன்பக்கம் கதவு வைத்து, கேசட்டை உள்ளே தள்ளி அமுக்குகிற மாதிரி செய்தார்கள். அப்படி வளைந்து பிடிக்கும் 72 பின்களும் நாளாக ஆகத் தளர்ந்தன. மறுபடி யார் வேண்டுமானாலும் கேசட் போட்டுச் சந்தையைக் குப்பையாக்காமலிருக்க, பெட்டிக்குள் ஒரு பூட்டு சிப், கேசட்டுக்குள் அதன் ஜோடி. இரண்டும் சரியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் பெட்டி விநாடிக்கொரு முறை தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். விளக்கு மின்னி மின்னி, திரை வந்து வந்து போன மர்மம் அதுதான். பின் தளர்ந்ததும் முதலில் அறுந்தது இந்தப் பேச்சுவார்த்தை.

எடுத்து ஊதி மறுபடி போட்டால் ஓடியதே என்றால், வேலை செய்தது 'மறுபடி போட்டது'. பின் வேறிடத்தில் பதிந்தது, உரசலில் கொஞ்சம் அழுக்கும் போனது. ஊதல் கொடுத்தது எச்சில் ஈரம். அது நாளடைவில் செம்புத் தகடுகளை அரிக்கும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்தது.

நம் ஊருக்கு 1990-களில் சென்னையின் பர்மா பஜார், ரிச்சி தெரு வழியாக வந்தவை ஃபாமிகாமின் நகல் பெட்டிகள். மேலிருந்து நேராகச் செருகும் 60 பின் கேசட், பூட்டு சிப் கிடையாது. ஆக, அமெரிக்கப் பிள்ளைகள் ஊதியதற்கான காரணங்கள் இங்கே பாதிகூட இல்லை. இருந்தும் நாமும் ஊதினோம். மலிவான பலகையில் தகடு கறுத்தால் ஊதிப் பயனில்லை. மெக்கானிக் அண்ணன்கள் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துக் கொடுத்தார்களே, அதுதான் வைத்தியம்.

"துப்பாக்கியிலிருந்து கதிர் பாயும்"

வாத்து சுடும் கேமின் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. குழலுக்குள் ஒரு லென்சும் ஒளி உணரியும் உண்டு. விசையை அழுத்தியதும் திரை ஒரு பிரேம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம். முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் தெரிந்தால் அடி விழுந்தது. இரண்டு வாத்து என்றால் சதுரங்கள் அடுத்தடுத்த பிரேமில் வரும், எந்தப் பிரேமில் வெளிச்சம் கண்டதோ அந்த வாத்து காலி. கண் சிமிட்டினால் தப்பிவிடும் அந்தக் கறுப்பு மின்னலைக் கவனித்தவர்கள் பாதி ரகசியத்தைப் பிடித்துவிட்டார்கள்.

பல்பைப் பார்த்துச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று தெருவுக்குத் தெரு ஒரு விஞ்ஞானி சொன்னதும் இங்கேதான் தோற்கிறது. பல்பு அணையாமல் எரிவதால் கறுப்புச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒடிஸியோடு 1972-இல் விற்ற துப்பாக்கி அப்பாவி. அது எந்த விளக்கைப் பார்த்தாலும் அடி விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளும். புது எல்சிடி டிவியில் பழைய துப்பாக்கி வேலை செய்யாததற்குத் துப்பாக்கியின் வயது காரணமல்ல, அந்த டிவிகள் படத்தைக் காட்ட எடுக்கும் தாமதம்தான். வாத்து விழாதபோது சிரிக்கிற அந்த நாயைச் சுட வீட்டுப் பெட்டியில் வழியே இல்லை. காசு போட்டு ஆடும் இயந்திரப் பதிப்பில் மட்டும் அந்த ஆசை தீரும்.

"டிவி கெட்டுப்போகும்", "9999 கேம் இருக்கு"

முதலாவது பெரியவர்கள் சொன்னது, அதில் துளி உண்மை உண்டு. அசையாத ஸ்கோரையும் கோட்டையும் மணிக்கணக்கில் காட்டினால் குழாய் டிவியின் பாஸ்பரில் தழும்பு விழும். இதற்காகவே அடாரி 2600 கேம்கள் யாரும் தொடாமலிருந்தால் தானாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர மரியோவுக்கு எந்த டிவியும் சாகவில்லை.

இரண்டாவது கடைக்காரர் சொன்னது, அதில் துளிகூட உண்மை இல்லை. 9999 என்றும் 9999999 என்றும் லேபிள் ஒட்டிய கேசட்டுகளில் நிஜமான கேம்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவே. மெனுவில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்ததும், கேம் தொடங்கும் முன் மெமரியில் ஓரிரு எண்களை மாற்றிவைப்பார்கள். மூன்றாவது லெவலில் தொடங்கும் மரியோ ஒரு கேம், ஐந்தாவதில் தொடங்கும் மரியோ இன்னொரு கேம். இன்னொரு விதியும் உண்டு: லேபிளில் எண் பெருக்கப் பெருக்க உள்ளே இருக்கும் கேம் பெரும்பாலும் சிறுக்கும். சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. கான்ட்ராவோ 128 கிலோபைட். அதனால்தான் ஆயிரக்கணக்கில் பீற்றிய கேசட்டுகளில் கான்ட்ராவைத் தேடிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், அது இருந்தது நாலு, ஆறு என்று அடக்கமாக எழுதிய கேசட்டுகளில்.

கான்ட்ராவின் 30 உயிருக்கான மேல்-மேல்-கீழ்-கீழ் ரகசியக் குறியீடு அந்த கேமுக்கென்று பிறந்தது என்பதும் தவறு. 1986-இல் கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 'கிரேடியஸ்' கேமை ஃபாமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அவராலேயே கடைசிவரை ஆட முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்தார், அது கேசட்டோடு வெளியே வந்துவிட்டது. கான்ட்ரா அதைக் கடன் வாங்கியது. நகல் கேசட் போட்டவர்களில் சிலர் அந்த 30 உயிரை மெனுவில் தனி வரியாகவே வைத்தார்கள். லேபிளின் எண்ணிக்கையில் அதுவும் ஒரு கேம்.